மாமனார் கடைசியில்தான் எழுவார்

அந்த மருந்துத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் நாலு பெரிய குளிரூட்டும் இயந்திரங்கள் இருந்தன. சில்லர் என்பார்கள். தண்ணீரைக் குளிரவைத்து மேல்மாடிகளுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அந்தத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால் மேலே ஊசி மருந்து அடைக்கிற அறைகள் சூடேறிப்போகும், அடைத்த மருந்தையெல்லாம் கொட்ட வேண்டியதுதான். முதல் மூன்றும் சாதுக்கள், சொன்ன பேச்சைக் கேட்கும். நாலாவதுதான் வில்லங்கம். மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதன் நீளத்துக்கு வராது. அதற்கு மாமனார் என்று பேர்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் வீட்டில் இருப்பவருக்கு என்ன, விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், அவ்வளவுதான் சங்கதி. இங்கே எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கிளப்பினால் தொலைந்தோம். மோட்டார் என்பது ஓடும்போது தின்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு தின்னும். அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் எனக்கு, எனக்கு என்று தட்டை நீட்டினால், இவ்வளவுதான் இழுக்கலாம் என்று வைத்திருக்கும் அளவு தாண்டிவிடும். மெயின் பிரேக்கர் படாரென்று விழும். மறுபடி இருட்டு, மறுபடி முதலிலிருந்து. ஆகவே வரிசை உண்டு. முதலில் விசிறிகள், ஒவ்வொன்றாக. அப்புறம் தண்ணீர் பம்புகள். அப்புறம் சின்ன சில்லர்கள், ஒன்று நிலைக்கு வந்த பிறகே அடுத்தது.

எல்லாரும் எழுந்து தயாராகி நின்ற பிறகுதான் மாமனார். இயந்திரம் நின்றுபோனால் அங்கே 'விழுந்துவிட்டது' என்பார்கள். மாமனார் விழுந்தால் உடனே கிட்டே போகக் கூடாது. உள்ளே எண்ணெய் சூடாகிற வரைக்கும் அப்படியே கிடக்க விட வேண்டும். அவசரப்பட்டு எழுப்பினால் கோபித்துக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார். எழுந்தாலும் முழுப்பசியோடுதான் எழுவார். பாதி அளவில் கட்டிப்போட்டு மெல்ல மெல்ல விட வேண்டும். இத்தனை உபசாரம் கேட்கிற ஆசாமிக்கு வேறு என்ன பேர் வைப்பதாம்?

இதையெல்லாம் கையால் செய்கிறவனைத் தொழிற்சாலையில் சில்லர்காரன் என்றே கூப்பிட்டார்கள். தானாக வரிசைப்படுத்துகிற பெட்டி ஒன்றும் சுவரில் இருந்தது. அது என்றைக்கோ கெட்டுப்போய், அதன் மேல் இவன் துண்டு காயப்போட்டிருந்தான்.

அந்தப் பாழாய்ப்போன நாளிலும் மின்சாரம் போய் வந்திருந்தது. ஜெனரேட்டர் இன்னும் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பம்பு ஒன்றைக் கிளப்பிவிட்டு அதன் முள் நிலைக்கு வருகிறதா என்று சில்லர்காரன் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது. கீழ்த்தளத்தில் கைபேசி வேலை செய்யாது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் வரவேற்பறைப் பெண் வாங்கித்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வேலைக்குப் புதுசு. மின் அறையில் மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் போர்டுக்காரரும், கீழ்த்தளத்துக்குப் பேசுகிற ஸ்பீக்கர் மக்கர் பண்ணுகிற நாட்களில் அவள் மூலமாகத்தான் தகவல் அனுப்புவார்.

"சார், உங்க மாமனார் விழுந்துட்டாராம்."

போர்டுக்காரர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். "உன் மாமனார் விழுந்துட்டார்யா, போய் என்னன்னு கேளு" என்று வாய் நிறையச் சிரிப்பு. சில்லர்காரனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"விழுந்தா விழட்டும்மா! யாரும் தொட வேணாம்னு சொல்லு. மத்தவங்க எல்லாம் முதல்ல எழும்பட்டும், அவரைக் கடைசியா பாத்துக்கலாம்."

அந்தப் பெண் தயங்கினாள். "அப்படியே சொல்லிடவா சார்?"

"அப்படியே சொல்லு."

சொல்லிவிட்டாள் புண்ணியவதி, ஒரு எழுத்து பிசகாமல். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது போர்டுக்காரர் இல்லை. இவன் பெண்டாட்டி. அவளுடைய அப்பா குளியலறைத் தரையில் கிடந்தார். ஒரு கையில் போனும் மறு கையில் அவர் தலையுமாக உட்கார்ந்துகொண்டு, புருஷன் சொன்ன பதிலை அவள் கேட்டாள்.

அவள் ஒன்றும் காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சில்லர்காரன் விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யார் என்ன செய்திருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். உயிர் போனதற்கு இவன் காரணமில்லை. அதை அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் போகிற வழியில் கிழவர் இரண்டு தடவை "மாப்ள கிளம்பிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். என்ன பதில் சொல்வாள்? உங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் என்றா சொல்வாள்?

எல்லாரும் வந்து போய் வீடு காலியான பிறகு அவன் நடந்ததைச் சொன்னான். கீழ்த்தளத்தில் ஒரு மெஷின் இருக்கிறது, அதற்கு மாமனார் என்று பேர், அது விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன் என்றான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மெஷினுக்கு மாமனார்னு பேரு."

"ஆமா."

"பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லுங்க."

தாமதமாகத் துக்கம் விசாரிக்க வந்த போர்டுக்காரர் தானாகவே பேச்சை எடுத்து, "ஆமாம்மா, நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். "நீங்க அவரோட கூட்டாளி. சொல்லிக் கொடுத்ததைத்தானே சொல்வீங்க" என்றாள் அவள், மரியாதையாகவே. அதோடு அவர் எழுந்து கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. "சாப்பாடு மூடி வெச்சிருக்கு", "கேஸ் தீந்துடுச்சு", அவ்வளவுதான். சில்லர்காரனுக்கு அது வலிக்க வேண்டும், வலிக்கவில்லை. அதுதான் அவனுக்கே விளங்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப் போல உடம்பு மொத்தமும் கிடந்தது. கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கு வெந்து, அது வெந்தது மறுநாள் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. கிழவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பால்கனியில் உட்கார்ந்து, தெருவில் போகும் பஸ்ஸை எல்லாம் சத்தத்தை வைத்தே திட்டுவார். "பாரு, கிளட்ச்சைத் தேச்சே கொல்றான் படுபாவி!" என்பார். இப்போதும் பஸ்கள் போயின. திட்ட ஆளில்லை என்று அவன் கவனித்தான். கவனித்தான், அத்தோடு சரி. அழுகை வரவில்லை.

அவன் அவளிடம் பாதிதான் சொல்லியிருந்தான். அந்த மெஷினுக்குப் பேர் வைத்ததே அவன்தான். கிழவர் இவர்கள் வீட்டோடு வந்து தங்கிய புதிதில், காலையில் அவர் எழுந்திருப்பதென்றால் வீடே வரிசைகட்டி நிற்கும். வெந்நீர், டீ, பேப்பர், கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்த பிறகுதான் ஐயா கட்டிலை விட்டு இறங்குவார். அந்தக் கதையை ஷிஃப்டில் சொல்லி, "எங்க மாமனார்தான்யா இந்த நாலாம் நம்பர்" என்று இவன் கிண்டலடித்தான். ஆள் ஆளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. இப்போது அதைப் போய்ப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? செத்துப்போன அப்பாவை ஊர் சிரிக்க வைத்தவன் என்ற பட்டமும் சேர்ந்து வரும். ஆகவே விழுங்கிவிட்டான்.

தொழிற்சாலையில் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை. போர்டுக்காரர் 'நாலாம் நம்பர்' என்று கவனமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள், "நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"வருவேன்னு நான் சொல்லலியே."

"சரி" என்றான்.

சரியாம்! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவள் ஒரேயடியாகப் போகிறேன் என்கிறாள், இந்த மனுஷனுக்கு வாயில் வந்த வார்த்தை சரி. போகாதே என்று சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவள் போய்விட்டால் தனக்கென்று ஒரு நாதியும் கிடையாது என்றும் தெரியும். தெரிந்தது நாக்குக்கு வந்து சேரவில்லை. அவள் ஒரு நிமிஷம் குழாயை மூடாமல் நின்றாள். அப்புறம் மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் வழக்கம்போல வேலைக்கு வந்தான். மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு மின்சாரம் போயிற்று. நாலு சில்லரும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை விட்டு அடங்கின. வெகுநேரம் இழுத்தடித்துவிட்டு மின்சாரம் வந்தது. அதற்குள் மேலே அறைகள் வெதுவெதுப்பாகி, மேலதிகாரிகள் கூப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள். சூடான கட்டடம் என்றால் எல்லா மெஷினும் வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும். இம்மி பிசகினாலும் மெயின் விழுந்துவிடும்.

சில்லர்காரனின் கைகள் தாமாக வேலை செய்தன. நல்லவேளை, கைகளுக்கு மரத்துப்போகத் தெரியவில்லை. ஸ்பீக்கரில் போர்டுக்காரரின் குரல் மீட்டரைப் படித்துக்கொண்டே வந்தது.

"விசிறி எல்லாம் எழுந்தாச்சு. பம்பைப் போடு... ஏறுது, ஏறுது... நில்லு, நில்லு! ம், இறங்குது. அடுத்தது."

முதல் சில்லர் எழுந்தது. இரண்டாவது எழுந்தது. மூன்றாவதைக் கிளப்பிவிட்டு அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னால் கதவு திறந்தது. வரவேற்பறைப் பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால், கையில் வீட்டுச் சாவியோடு அவன் மனைவி.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவள் நேரே தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். வெளியே ஆட்டோவில் பெட்டியோடு அவள் அண்ணன். வரவேற்பறையில் சாவியை நீட்டி, அவரிடம் கொடுத்துவிடு, நான் கிளம்பிவிட்டேன் என்று சொல் என்றதுதான் தாமதம், அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாளாம். "அக்கா, ஆளை விடுங்க! இனிமே யாருக்கும் எதையும் நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லிக்கோங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சாவி" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம்" என்றான் அவன். கையை எடுக்க முடியாது, மூன்றாவது இன்னும் நிலைக்கு வரவில்லை. அவளைப் பார்க்கத் திரும்பியதில் அவன் முழங்கை நாலாவதின் பொத்தானில் இடித்தது.

அப்போது ஸ்பீக்கர் கத்திற்று. "யோவ்! மாமனாரைத் தொட்டியா? மூணாவது இன்னும் நிலைக்கு வரல, அதுக்குள்ள மாமனார் எழும்பப் பாத்து மறுபடி விழுந்துட்டார்யா! அப்படியே கெடக்க விடு, கிட்ட போகாதே, அவரைக் கடைசியில..."

குரல் அறுந்தது. அப்புறம் தடுமாறிக்கொண்டு வந்தது.

"ஐயோ. மன்னிச்சுக்கய்யா. அவசரத்துல வாய் தவறிடுச்சு. நாலாம் நம்பர். நாலாம் நம்பர்னுதான் சொல்ல வந்தேன்."

அறையில் மூன்று மெஷின்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. வரவேற்பறைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். பாவம், அவளுக்கும் இப்போதுதான் கதை முழுசாகப் புரிந்தது.

மனைவி சில்லர்காரனைப் பார்க்கவில்லை. ஓடாமல் கிடந்த அந்த நீளமான மெஷினை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான்."

"நெஜமாவே இருக்கு." அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். "யாரு வெச்ச பேரு?"

முன்னால் வேலை பார்த்தவர்கள் வைத்தது என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அவன் வாயிலிருந்து உண்மை வந்தது. துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். பொய்யை யோசித்துக் கட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

"நான்தான்."

"எங்கப்பாவை வெச்சா?"

"ஆமா. காலையில அவர் எழுந்திருக்கறதை வெச்சு."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அவள் முகம் சுருங்கிற்று. "அவரை நீங்க உதறல. கேலி பண்ணீங்க. அவ்வளவுதானே வித்தியாசம்?"

அவன் முள்ளைப் பார்த்தான். மூன்றாவது நிலைக்கு வந்தது, விளக்கு பச்சைக்கு மாறியது. நாலாவதின் எண்ணெய் சூடாகிற வரை இனி செய்ய ஒன்றுமில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். நானேதான் ஒருநாள் உளறிட்டேன். கோவிச்சுப்பார்னு பயந்தேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். 'என்ன எடை இருக்கும், எங்க டிப்போ பஸ்ஸவிடப் பெருசா?'ன்னு கேட்டார். பெருசுதான்னேன். அதுல அவருக்கு ஒரு பெருமை. அப்புறம் தினம் நான் வந்ததும், நீ அடுப்படியில இருக்கறப்ப, பால்கனியில கேப்பார், 'என்ன மாப்ள, இன்னிக்கு நான் விழுந்தேனா?'ன்னு."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்னன்னு கேப்பார்?"

"இன்னிக்கு நான் விழுந்தேனான்னு. விழலேன்னு சொன்னா, 'பாத்தியா, நம்ம உடம்பு அப்படி' அப்படிம்பார்."

அவள் கையால் துழாவி ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தாள்.  பேசியபோது அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"என்கிட்டயும் கேட்டார். முன்னால ஒருநாள் கரண்ட் போயிருந்துச்சு, நீங்க வர லேட்டு. 'ஏம்மா, நான் விழுந்துட்டேன் போலிருக்கு, இன்னும் எழும்பலியா?'ன்னார். சேர்ல உக்காந்துக்கிட்டே கேக்கறார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. புத்தி கலங்குதுன்னு நெனச்சேன். உங்ககிட்டகூடச் சொல்லல, பயமா இருந்துச்சு. நரம்பு டாக்டர் யாரு நல்லவர்னு அங்க இங்க விசாரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அவர் வெளையாட்டுக்கு..."

"கத்திட்டேங்க. 'இந்த மாதிரியெல்லாம் உளறாதீங்கப்பா'ன்னு கத்திட்டேன். மூஞ்சி சின்னதாப் போச்சு அவருக்கு. அதுக்கப்புறம் என்கிட்ட அவர் வெளையாட்டாவே எதுவும் பேசல." மடியில் கிடந்த கைகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல புத்தியோடதான் இருந்திருக்கார்."

சில்லர்காரனுக்குத் தொண்டைக்குக் கீழே எங்கேயோ வலித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வலித்தது. அவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

அவள் கதவருகே நின்ற பெண்ணைப் பார்த்தாள். "வெளியில எங்கண்ணன் இருக்கான். ஆட்டோவை அனுப்பிட்டு, பெட்டியை உள்ளே வாங்கி வெச்சிடும்மா."

யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த பெண் விட்டால் போதும் என்று ஓடினாள்.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிற்று. "எண்ணெய் சூடாயிடுச்சா? மீட்டர்ல எடம் இருக்கு. நாலாம் நம்பரை எழுப்பலாம்."

அவன் அளவைப் பாதியில் கட்டினான். பொத்தானை அழுத்தினான். தரை லேசாக அதிர்ந்தது. உள்ளே ஏதோ முனகிற்று, பிறகு அது நீண்டு, ஏறி, ஒரே சீராக ஆயிற்று. அவள் ஸ்டூலை விட்டு எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றாள். முள் ஏறியது, தயங்கியது, நின்றது. அவன் கட்டை மெல்லத் தளர்த்தினான். விழவில்லை.

"நாலாம் நம்பர் எழுந்தாச்சு" என்றது ஸ்பீக்கர், வெகு கவனமாக. "அளவுக்குள்ளதான் இருக்கு. எல்லாம் நார்மல்."

"அவர் எப்பவும் இப்படியா சொல்வார்?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல. முன்னாடியெல்லாம் பேரைச் சொல்லித்தான் சொல்வார்."

"பேரைச் சொல்லியே சொல்லச் சொல்லுங்க."

அவன் ஸ்பீக்கரில் பேசுகிற பொத்தானை அழுத்தினான்.  "அண்ணே" என்றான், "பேரைச் சொல்லிச் சொல்லுங்கண்ணே."

போர்டுக்காரரின் குரல் வேறு யாரோ பேசுவது போல மெதுவாக வந்தது.

"மாமனார் எழுந்துட்டார்யா."

அவள் ஓடுகிற மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"இன்னொரு தடவை."